அய்யா ஒப்பமிட மறுத்த சீட்டு



மாசி மாதம் 19-ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பவனியும், திருச்செந்தூரிலிருந்து ஒரு பவனியும் புறப்பட்டு நாகர்கோவிலில் வந்து கூடுகின்றன. மறுநாள் அதிகாலையில் அங்கிருந்து சாமிதோப்புப் பதியை நோக்கி நடக்கிறோம். தலையில் தலைப்பாகை, நெற்றியில் திருநாமம், கையில் அன்புக்கொடி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும் தாய்மாரும் உண்டு, தடி ஊன்றி நடக்கும் பெரியவர்களும் உண்டு. திருச்செந்தூர்ப் பவனி அய்யா அவதாரம் கொண்டு கடலிலிருந்து எழுந்ததை நினைப்பது. திருவனந்தபுரத்துப் பவனி அய்யா சிறையிலிருந்து வெளியே வந்ததை நினைப்பது.

முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது, பட்டினி போட்ட புலி அய்யா முன்னால் அடங்கிப் படுத்தது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகளுக்கும் அந்தப் புலிதான் பிடிக்கும். ஆனால் புலிக்குப் பிறகும் ஒரு சோதனை நடந்தது. அது பற்களும் நகங்களும் இல்லாத சோதனை. ஒரு சீட்டு. அதில் ஒப்பமிட்டால் போகலாம் என்றார்கள். அந்தச் சீட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும் என்று இருக்கிறேன்.

அதற்கு முன் அந்தச் சீட்டை நீட்டிய அரசு எப்படிப்பட்ட அரசு என்று தெரிந்தாக வேண்டும்.

1750-ஆம் ஆண்டு சனவரி மாதம் மார்த்தாண்ட வர்மா மகாராஜா தம்முடைய உடைவாளைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி சந்நிதியில் வைத்து, தாம் வென்ற நாடு முழுவதையும் பெருமாளுக்கே எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம் என்பார்கள். அன்று முதல் திருவிதாங்கூரின் அரசர் பெருமாள். மகாராஜா அவருடைய அடிமை, பத்மநாபதாசன். கேட்பதற்கு எவ்வளவு நல்ல செய்தி! அரசன் தன்னை ஆண்டவனின் வேலைக்காரன் என்று சொல்லிக்கொள்கிறான். பணிவுதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் மக்களே, அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். அரசன் பெயரில் வந்த உத்தரவு இப்போது பெருமாள் பெயரில் வருகிறது. வரி கேட்கிறவன் பெருமாளுக்காகக் கேட்கிறான். ஊழியத்துக்கு இழுத்துப் போகிறவன் பெருமாள் காரியத்துக்கு இழுத்துப் போகிறான். எதிர்த்துக் கேட்டால் அது அரசனுக்குச் செய்த குற்றம் மட்டுமா? ஆண்டவனுக்கே செய்த துரோகம் ஆகிவிடுகிறது. பாவமும் ராஜத்துரோகமும் ஒன்றாகிவிட்ட நாட்டில் ஏழை எங்கே போய் முறையிடுவான்? கோவிலுக்குப் போகலாம் என்றால், அந்தக் கோவில் தெருவிலேயே அவன் கால் படக்கூடாது.

அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நம் தென் தாலுகாக்களில் நம் முன்னோர் பட்ட பாட்டை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குடை பிடிக்கக்கூடாது. செருப்பு அணியக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். பொன் நகை கூடாது. மாடி வீடு கூடாது. பெண்கள் மார்பை மறைத்து மேல்சீலை இடக்கூடாது. மேல்சாதிக்காரரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குக்கூடக் கணக்கு இருந்தது. பனை ஏறுகிறவனுக்கு ஏணிக்கு ஒரு காணம், காலில் மாட்டும் தளைக்கு ஒரு காணம். கழுத்தில் கட்டிய தாலிக்கும் வரி கேட்டார்கள் என்று அகிலத்திரட்டு சொல்லி அழுகிறது. இவ்வளவு வரியும் கொடுத்த பிறகு ஊழியம் வேறு. கூலி கிடையாது. கோவில்களுக்கும் ஊட்டுப்புரைகளுக்கும் இலையும் விறகும் காய்கறியும் சுமந்துகொண்டு போய் இறக்க வேண்டும். ஊட்டுப்புரையில் பிராமணர்களுக்குத் தினமும் இலவச உணவு. சுமந்து வந்தவன் வெளியே தூரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் பசியோடு திரும்பி வருவான்.

இதெல்லாம் தர்மம் என்ற பெயரில் நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். கொடுமைக்காரர்கள் தங்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு ஒருமுறை 56 நாள் முறஜபம் நடத்தி வேதம் ஓதினார்கள். அய்யாவைச் சிறை வைத்த சுவாதித் திருநாள் மகாராஜாவுக்கு அப்போது வயது 25. சங்கீதத்தில் பெரிய மேதை. பத்மநாபன் மீது அவர் இயற்றிய கீர்த்தனைகளை இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். வானொலியில் நானே ரசித்துக் கேட்டிருக்கிறேன். பெருமாளை அவ்வளவு உருகிப் பாடத் தெரிந்த ஒருவருக்கு, அந்தப் பெருமாள் பெயரால் பனங்காட்டில் நடந்தது கண்ணில் படவில்லை. பக்தி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பக்தி உண்மையாக இருந்தும் இது நடந்தது என்பதுதான் நாம் பயப்பட வேண்டிய விஷயம்.

இந்த இடத்தில் அகிலத்திரட்டு ஒரு பெரிய காரியத்தைச் சொல்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்டிருந்த நாராயணர், சான்றோர் மக்களை இறுக்காதே, வரியையும் ஊழியத்தையும் விட்டுவிடு என்று நீசனுக்கு எடுத்துச் சொன்னார். அவன் கேட்கவில்லை. நாராயணர் அந்த ஊரை விட்டே கிளம்பித் திருச்செந்தூர் போய்விட்டார்.

நன்றாகக் கவனியுங்கள். கோவில் அங்கேயே இருக்கிறது. விக்கிரகம் அங்கேயே இருக்கிறது. விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது, முறஜபம் நடக்கிறது, பத்மநாபதாசன் தினமும் வந்து கும்பிடுகிறான். சாமி மட்டும் அங்கே இல்லை. அரசாங்கத்தின் கோவிலைச் சாமி துறந்துவிட்டது என்று, அந்த அரசாங்கத்தின் எல்லைக்குள் உட்கார்ந்துகொண்டு 1841-இல் அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதினார். அந்தத் துணிவை நினைத்துப் பாருங்கள்.

அய்யாவின் கதையே ஒரு பெயரில்தான் தொடங்குகிறது. 1809-இல் பொன்னு மாடனுக்கும் வெயிலாளுக்கும் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறியின் பிள்ளைக்கு முடியும் பெருமாளுமா என்று மேல்சாதிக்காரர்கள் சீறினார்கள். பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு பச்சைக் குழந்தையின் பெயர் அரசாங்கத்தை என்ன செய்துவிடும்? ஆனால் சாமியும் முடியும் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் பொறுக்காது.

கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833-ஆம் ஆண்டு, அய்யா வைகுண்டராக எழுந்தருளினார். ஆறு வருடம் தவம். அந்தத் தவத்தைத் தேடி மக்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் அய்யா வாளைக் கொடுக்கவில்லை. தலைப்பாகை கட்டிக்கொண்டு நில் என்றார். குனிந்தே பழகிய தலைக்கு அது கிரீடம். முத்திரிக் கிணற்றில் எல்லோரும் ஒன்றாகத் தண்ணீர் மொண்டு குளித்தார்கள், குடித்தார்கள், அருகருகே உட்கார்ந்து உண்டார்கள். காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம், ஆடு கோழி பலி வேண்டாம் என்றார். பேய்க்கும் பேய்க்கோட்டத்துக்கும் பயப்பட வேண்டாம் என்றார். வரி வாங்குகிறவனை நீசன் என்று சொன்னார். கடல் தாண்டி வந்த வெள்ளையனையும் விட்டுவைக்கவில்லை, வெண்ணீசன் என்றார்.

அந்தக் காலத்தில் மிஷனரிகள் பின்னால் போனவர்களுக்குக் கும்பெனியின் ஆதரவு கொஞ்சம் இருந்தது. குப்பாயம் போட அனுமதி, பள்ளிக்கூடம், கச்சேரியில் பரிந்து பேச ஒரு துரை. அவர்கள் செய்த நன்மையை நாம் மறக்கக்கூடாது. நம் ஊர்களில் முதலில் எழுத்துக் கற்றவர்களில் பலர் அந்தப் பள்ளிக்கூடங்களில் கற்றவர்கள்தான். ஆனால் ஒரு அரசின் கொடுமையிலிருந்து தப்ப இன்னொரு அரசின் நிழலில் ஒதுங்குவது ஒரு வழி. அய்யா காட்டியது வேறு வழி. எந்த அரசின் நிழலும் இல்லாமல் தன் காலில் நிமிர்ந்து நிற்பது. நாம் கும்பிடும் இடத்துக்கு நிழல்தாங்கல் என்று பெயர் வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

புகார் மேலே போனது. மகாராஜா சுசீந்திரத்துக்கு வந்திருந்தபோது அய்யாவைப் பிடித்து வர ஆள் அனுப்பினார். தடுக்க எழுந்த மக்களை அய்யா பொறுத்திருக்கச் சொன்னார். அய்யாவுக்காக அரசன் முன்னால் நின்று பேசியவர் ஆயர் குலத்துப் பூவண்டர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அய்யாவின் பக்கம் நின்று சாட்சி சொன்னவர் சான்றோர் குலத்தவர் அல்லர். கைக்குள் ஒரு மோதிரத்தை மறைத்துக்கொண்டு, இது என்ன என்று சொல் பார்ப்போம் என்று அரசன் கேட்டான். அய்யா வாய் திறக்கவில்லை. அதிகாரத்துக்கு வித்தை காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டிய தேவை அய்யாவுக்கு இல்லை. பிறகு கட்டினார்கள், அடித்தார்கள், நஞ்சு கலந்து கொடுத்தார்கள், திருவனந்தபுரம் வரை நடத்தியே கொண்டுபோனார்கள். சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை. சுண்ணாம்புக் காளவாய், மிளகாய்ப் புகை, கடைசியில் புலி.

எதுவும் பலிக்காத பிறகு வந்ததுதான் அந்தச் சீட்டு.

என்ன கேட்டார்கள் அதில்? கலகம் செய்யமாட்டேன் என்று எழுதச் சொல்லவில்லை. தவத்தை விடச் சொல்லவில்லை. சாமி இல்லை என்று ஒத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. உன் சாதியை மட்டும் வைத்துக்கொள், பதினெட்டுச் சாதியையும் ஒன்றாகக் கூட்டாதே, அதற்குச் சம்மதித்து ஒப்பமிடு, வீட்டுக்குப் போகலாம். இவ்வளவுதான். அய்யா மறுத்துவிட்டார். வெறுங்கையோடுதான் அரசன் அய்யாவை விடுவிக்க வேண்டியதாயிற்று. கொல்லம் 1014 மாசி 19, அதாவது 1839. மக்கள் அய்யாவை வாகனத்தில் ஏற்றித் தோளில் சுமந்து சாமிதோப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

ஏன் மக்களே அந்த ஒரு நிபந்தனை? இதைப் பல வருடமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சாதிக்கு ஒரு சாமியார் என்றால் அரசுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கோவில், ஒரு தலைவர், ஒரு திருநாள் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தந்தத் தலைவரைக் கூப்பிட்டுப் பட்டும் வளையும் கொடுத்தால் அந்தச் சாதி அடங்கிவிடும். ஒரு சாதிக்குச் சலுகை கொடுத்து இன்னொரு சாதியை இறுக்கலாம். ஆனால் ஒரு கிணற்றில் பதினெட்டுச் சாதியும் தண்ணீர் மொண்டுவிட்டால், எவனை எத்தனை அடி தள்ளி நிறுத்துவது? யாரைக் கொண்டு யாரிடம் வரி வாங்குவது? திருவிதாங்கூர் அரசு பயந்தது அந்தக் கிணற்றைக் கண்டுதான். அய்யாவைச் சாமி என்று யார் சொன்னாலும் அரசனுக்கு நட்டமில்லை. எல்லோருக்கும் சாமி என்று சொன்னதுதான் நட்டம்.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1851 வைகாசியில் அய்யா வைகுண்டம் போனார். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. தோள்சீலைக் கலவரங்களுக்குப் பிறகு, சென்னை ஆளுநரின் நெருக்குதலும் சேர்ந்து, 1859 ஜூலை 26-இல் நம் பெண்கள் மேல்சீலை அணியலாம் என்று உத்தரவு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று ஒரு வால். சுசீந்திரம் தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-இல்தான் கோவில் நுழைவுப் பிரகடனம். அய்யா வைகுண்டம் போய் 85 வருடம் ஆன பிறகு! 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்று மாசி 20 வந்தால் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். சிறை வைத்த இடத்தில் வந்து அமர்ந்த அரசு இன்று விடுமுறை விடுகிறது. நல்ல காரியம்தான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர வசதியாக இருக்கிறது.

ஆனால் சங்கிலி போட்ட அதிகாரத்தைக் கண்டால் நமக்கு அடையாளம் தெரிகிறது. மாலை போட வருகிற அதிகாரத்தைக் கண்டால் தெரிவதில்லை.

தேர்தல் வருகிற வருடத்தில் பதிகளுக்கும் தாங்கல்களுக்கும் யார் யார் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். எல்லாக் கட்சிக்காரரும் வருகிறார்கள். தலைப்பாகை கட்டிக்கொள்கிறார்கள், நாமம் இட்டுக்கொள்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்தியாக வருகிறவர்களும் இருக்கலாம், நான் யார் மனதையும் அளக்கத் துணியவில்லை. ஒரு பக்கத்தார் அய்யா எங்கள் சமயத்தைக் காக்க வந்தவர் என்கிறார்கள். மறுபக்கத்தார் அய்யா சமூகப் போராளி, சாமி என்பதெல்லாம் பின்னால் சேர்த்தது என்கிறார்கள். ஒருவர் அய்யாவிடமிருந்து நீசனைக் கேள்வி கேட்ட வாயை எடுத்துவிடப் பார்க்கிறார். இன்னொருவர் அந்தக் கேள்விக்கு வலிமை கொடுத்த நாராயணரை எடுத்துவிடப் பார்க்கிறார். இரண்டு பேரும் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போனால் பதியில் நமக்கு என்ன இருக்கும்?

சட்டத்தில் நமக்குத் துணை இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மதத்தின் பெயராலோ சாதியின் பெயராலோ ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி குற்றமான நடைமுறை. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2017 சனவரியில் அதை இன்னும் இறுக்கிச் சொல்லியிருக்கிறது. வழிபாட்டு இடத்தைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1988-இலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. தாங்கலின் நிர்வாகிகள் இதை எடுத்துச் சொன்னால் எந்த வேட்பாளரும் கோபப்பட முடியாது. அன்புக்கொடி மகன் ஒருவன் அரசியலில் இறங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இறங்கட்டும், தாழ்ந்து கிடப்பவனுக்காக வாதாடட்டும். நீசனை நேருக்கு நேர் கேட்டவர் அய்யா. அரசியலே வேண்டாம் என்று ஒதுங்குகிறவன் அகிலத்தைப் பாதி மட்டும் வாசித்தவன். தாங்கலின் கொடிமரத்தில் கட்சிக் கொடியைக் கட்டாதே என்பதுதான் பேச்சு.

இதுவரை அடுத்தவர்களைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றிப் பேச வேண்டும். பேசாமல் போனால் இந்த ஏட்டை வாசிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் ஊர் நிழல்தாங்கலில் திருநாள் செலவுக்குத் தலைக்கட்டு வரி எழுதுவது வழக்கம். உங்கள் ஊரிலும் இருக்கும். பல வருடமாக அந்த வரி நோட்டு என் பொறுப்பில் இருக்கிறது. சென்ற தேர்தலுக்கு முன்னால் கரைவேட்டி கட்டிய ஒருவர் நாலைந்து பேருடன் தாங்கலுக்கு வந்தார். பணிவாகப் பேசினார். உம்பான்சோறு வைக்கும் இடத்தில் மழை ஒழுகுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தகரக் கொட்டகை போட்டுத் தருகிறேன் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அண்ணாச்சி, இங்க உங்க ஆளுங்க எத்தன தலைக்கட்டு? ஒரு லிஸ்ட் இருந்தா நல்லா இருக்கும்.” நான் யோசிக்கவே இல்லை. உள்ளே போய் வரி நோட்டை எடுத்து வந்து நீட்டினேன். ஒரு பையன் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டான்.

கொட்டகை வந்தது. இப்போதும் அதன் கீழேதான் சோறு வைக்கிறோம்.

அந்த வருடம் திருஏடு வாசிப்பு. நான் சிங்காரத்தோப்புப் பகுதியை வாசித்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். சீட்டில் ஒப்பமிட அய்யா மறுத்த இடத்தில் குரலை உயர்த்தி நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், கூட்டம் குரவையிட்டது. வாசிப்பு முடிந்து இனிமம் கொடுக்கும்போது ஒரு வயதான அம்மா என்னிடம் வந்தார். எங்கள் ஊரின் கிழக்கே ஐந்து வீடு இருக்கிறது. சாதி வேறு. ஆனால் அந்த ஐந்து வீட்டிலும் மாமிசம் விட்டு விரதம் இருந்து, நாமம் இட்டு, பதினேழு நாளும் முதல் ஆளாக வந்து பாயில் உட்காருகிறவர்கள். தாங்கல் முற்றத்தை வெள்ளிக்கிழமைதோறும் பெருக்கித் தெளிப்பவரும் அந்த அம்மாதான். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சத்தம் இல்லாமல் கேட்டார்.

“அண்ணாச்சி, அய்யா கையெழுத்துப் போடலன்னு வாசிச்சீங்க. நம்ம நோட்டுல எங்க அஞ்சு வீட்டுப் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?”

எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த ஐந்து வீட்டையும் நாங்கள் வரியில் சேர்த்ததே கிடையாது. அவர்கள் கொடுக்க முன்வந்தபோதெல்லாம், உங்களுக்கு எதுக்கு வரி, சும்மா வந்து கும்பிடுங்கள் என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறோம். கேட்பதற்குத் தர்மம் போல இருக்கும். ஆனால் வரியில் பெயர் இல்லை என்றால் ஊர்க்கூட்டத்தில் பேச்சு இல்லை, பணிவிடை முறை இல்லை, வாகனம் எடுக்கும்போது தோள் கொடுக்க முறை இல்லை. அன்று நீசன் நம்மிடம் வரியை வாங்கிக்கொண்டு உள்ளே விடவில்லை. இன்று நாங்கள் வரியை வாங்காமலே உள்ளே விடாமல் வைத்திருக்கிறோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. கரைவேட்டிக்காரர் அந்த நோட்டைக் கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அதில் ஒரே சாதிதான் இருக்கும் என்று அவருக்கு முன்னமே தெரியும். உங்க ஆளுங்க என்று அவர் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் நானும் மனதில் அப்படித்தான் வைத்திருந்தேன். சிங்காரத்தோப்பில் அரசன் கேட்டு அய்யா கொடுக்காத எழுத்தை, நாங்கள் யாரும் கேட்காமலே வருடா வருடம் கோடு போட்ட நோட்டில் எழுதி, அட்டை போட்டு, சந்தனம் தொட்டு வைத்திருக்கிறோம். அதை நீட்டித் தகரம் வாங்கியவன் நான். பள்ளியறையில் இருக்கும் கண்ணாடி முன்னால் மறுநாள் பணிவிடைக்கு நின்றபோது நிமிர்ந்து பார்க்கச் சிரமமாக இருந்தது.

ஊர்க்கூட்டத்தில் பேசினேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் என் சொந்த மைத்துனர். “நீரு ஏடு வாசிக்கிற வேலைய மட்டும் பாரும், நிர்வாகத்துக்கு நாங்க இருக்கோம்” என்றார். இன்னொருவர் நியாயமாகவே ஒன்று கேட்டார்: நாளை இதைக் காட்டி வேறு ஆட்கள் உரிமை கேட்டு வழக்குப் போட்டால், நம் பாட்டன்மார் பனை ஏறிச் சேர்த்த பணத்தில் கட்டிய தாங்கல் நம் கையை விட்டுப் போகாதா? அந்தப் பயத்தை நான் இகழமாட்டேன். எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒரு கூட்டத்துக்குத் தன்னுடையது என்று சொல்ல இந்த ஒரு கூரைதான் இருந்தது. அவர் பயம் பொய் இல்லை. ஆனால் பறிபோய்விடும் என்ற பயத்தில்தானே அந்த அரசனும் சீட்டை நீட்டினான் என்று நான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

இளைஞர்களில் ஒருவன் எழுந்து, “பாட்டா, வாக்குவாதம் எதுக்கு? நோட்ட எடுங்க, எழுதுவோம்” என்றான். பேனா யாரிடமும் இல்லை. பந்தல் கணக்கு எழுத வைத்திருந்த பென்சில் இருந்தது. அந்த ஐந்து வீட்டுப் பெயரையும் பென்சிலில் எழுதினேன். திருநாள் கழிந்து வரும் கூட்டத்தில் எல்லோரும் சம்மதித்தால் மையில் எழுதுவது என்று அன்றைக்குப் பேசி முடித்தார்கள். இதை எழுதும் இன்றுவரை அது பென்சிலில்தான் இருக்கிறது. இந்த மாசிப் பவனிக்கு எங்கள் ஊரிலிருந்து போகும் வண்டியில் அந்த அம்மாவுக்கும் இடம் போட்டிருக்கிறோம். பயணச் செலவுக்கு அவரிடம் பணம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மற்றவர்கள் கொடுத்த அதே தொகை. மடியிலிருந்து அவிழ்த்து எண்ணிக் கொடுத்துவிட்டு, நோட்டில் நான் எழுதும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அய்யா உண்டு.